அடர்ந்து படரும் ரகம்

“மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்தணும்மா. வேர் கீழே இறங்கினாத்தான் கொடி மேலே ஏறும்” என்றபடி மாடி வீட்டு அக்கா ஒரு கூடை மக்கிய எருவைக் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கினாள்.

அக்கா இரண்டு விதைப் பொட்டலங்களை நீட்டினாள். “செடி அவரையே போடு. இடுப்பளவுதான் வளரும், சீக்கிரமும் காய்க்கும்.”

“கொடி அவரைதான் வேணும்க்கா. எவ்வளவு உயரம் போகும்?”

“விட்டா எங்க மாடி வரைக்கும் வரும். ஆனா இந்த ரகம் வெறும் இலையாத் தள்ளும், காய் கம்மி.”

“அதையே கொடுங்க.”

அக்கா சிரித்துவிட்டாள். “காய் வேண்டாம், இலை போதும்ங்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். சரி, பந்தல் கால் நட எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம்க்கா!” அவள் பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள். “உங்க மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா எங்க பாத்ரூம் தெரியுது. நான் குளிக்கப் போறப்பல்லாம் அவர் அங்கே வந்து நிக்கறாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இந்தக் கொடி...”

அக்கா ஆடிப்போனாள். “அவர் அப்படிப்பட்டவர் இல்...” என்று தொடங்கியவள் அண்ணாந்து பார்த்தாள்.

ஜன்னலில் நின்றிருந்த கணவர் சட்டென்று உள்ளே நகர்ந்தார்.

அக்கா கொடி அவரைப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள்.

“கொடி படர ரெண்டு மாசம் ஆகும்” என்றாள். “அதுவரைக்கும் நீ பொறுக்க வேண்டாம். இப்பவே நான் ஒரு வழி பண்றேன்.”

மண் கையைக் கழுவக்கூட நிற்காமல் தன் வீட்டுப் படியேறினாள்.