புறங்கை

சோலார் தகடுகளைக் கழுவும் பூவலிங்கம், தண்ணீர் அடிக்கும் முன் ஒவ்வொரு வரிசையின் இரும்புச் சட்டத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை என்றால் கரண்டு விரல்களைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறி எடுத்துவிடலாம். "என்ன வே, தகட்டுக்குக் காய்ச்சலா?" என்று சூப்பர்வைசர் செல்வின் தினமும் சிரிப்பார்.

சட்டத்தில் கரண்டு கசிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. ஈரம் பட்டாலே கத்துகிறது, உற்பத்தி கெடுகிறது என்று போன வாரம்தான் அதன் வயரைச் செல்வின் பிடுங்கிப் போட்டார். நேற்று ஏழாவது வரிசைச் சட்டம், அவரோடு தகடு கழுவும் இசக்கியம்மாளைத் தூக்கி எறிந்தது.

"பெட்டிக்கு வயர மறுபடி குடுங்க சார். அதுவரைக்கும் நான் குழாயத் தொட மாட்டேன்" என்றார் பூவலிங்கம்.

"கரண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ வழுக்கி விழுந்தா. நானே தொடுதேன், பாரும்!"

செல்வின் விறுவிறுவென்று ஏழாவது வரிசைக்குப் போய்க் கையை நீட்டினார். சட்டத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது, அந்தக் கை தானாகப் புரண்டு புறங்கையைக் காட்டியது.

"என்ன சார், காய்ச்சல் பாக்கியளா?" என்றாள் கட்டுப் போட்ட கையோடு நின்ற இசக்கியம்மாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது.