அட்டைப்பெட்டியோடு வந்த ஜோடி

நினிங்கின் பெட்டியைச் சுங்க அதிகாரி தனியாக இழுத்து வைத்தபோது நான் அவளுக்கு முன்பே சோதனையைத் தாண்டியிருந்தேன்.

நின்று பார்க்கக் கூடாது. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தேன்.

அதுதான் எங்கள் வழக்கம். ஒரே விமானம், வேறு வேறு வரிசை. ஜகார்த்தாவில் இறங்கிய பிறகு அவள் யாரோ, நான் யாரோ.

சிங்கப்பூரிலிருந்து மற்றவர்கள் கேட்டதை வாங்கி வந்து கொடுப்பது தொழில். ஆளுக்கு ஐநூறு அமெரிக்க டாலர் வரை வரி இல்லை. அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அடுத்தவருக்கு என்று தெரிந்தால் அந்தச் சலுகையும் போய்விடும்.

அதனால் எங்களிடம் இருப்பதெல்லாம் எங்களுடையதுதான். கைக்கடிகாரம், கைப்பை, ஒன்றின்மேல் ஒன்றாக மேல்சட்டை, எல்லாம் உடம்பிலேயே வரும். மீதி இருபது கிலோவுக்குள், துவைக்காத துணிபோல் கசங்கி வரும். விலைச்சீட்டுகள் காலுறைக்குள். அட்டைப்பெட்டிகள் விடுதியின் குப்பைத்தொட்டியில்.

அட்டைக்கு எடையும் உண்டு, வாயும் உண்டு.

அன்று நினிங்கின் காலில் இருந்தது பல் டாக்டர் ஃபெலிசியாவின் ஓட்ட ஷூ. நாற்பதாம் நம்பர். மொத்தச் சரக்கில் அதுதான் விலை அதிகம். டாக்டர் முன்பணம் தரமாட்டார். பொருள் கைக்கு வந்தால்தான் காசு. அது போனால் இந்தப் பயணமே போச்சு.

நினிங்குக்குச் சின்னப் பாதம். முன்பக்கம் டிஷ்யூவைச் சுருட்டித் திணித்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஒரு ஜோடியை மட்டும் அட்டைப்பெட்டியோடு வைத்துவிட்டாள். காலையில் விடுதியிலேயே அதற்காகத் திட்டினேன்.

“இது பெட்டியோடதான் போகணும், அண்ணே.”

“சுங்கத்துக்காரனுக்கு மொய் வைக்கப் போறியா?”

அவள் அதைத் துணிகளுக்கு நடுவில் செருகி மூடினாள்.

இப்போது அந்த அட்டைப்பெட்டி அதிகாரியின் மேசைமேல் இருந்தது. மூடியைத் திறந்து, மெல்லிய காகிதத்தை விலக்கினான். வெள்ளைச் செருப்பு. சின்னக் குதிகால். பக்கத்தில் ஒரு முத்து.

“கால்ல ஓடுற ஷூ, பெட்டியில டான்ஸ் ஆடுற செருப்பு. அக்கா ஒரு ஆளா, ரெண்டு ஆளா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நினிங்கும் சிரித்தாள்.

“முப்பத்தாறு” என்று அடியைத் திருப்பிப் படித்தான். “யாருக்கு வாங்கிட்டு வந்தீங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே இறங்கி வந்தான். கெட்டவன் இல்லை.

“சரி, ஒண்ணு பண்ணுங்க. இங்கேயே போட்டுக் காட்டுங்க. சரியா இருந்தா உங்களோடது. எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருங்க.”

எனக்குக் கை நின்றுவிட்டது.

அதைப் போட வேண்டுமென்றால் காலில் இருப்பதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் டிஷ்யூ உருண்டு வெளியே விழும். பிறகு கடிகாரம் யாருடையது, மேல்சட்டை யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்பான்.

நான் போய்ப் பேசியிருக்கலாம். பேசினால் என் பெட்டியும் மேசைக்கு ஏறும். போகவில்லை.

நினிங் ஒரு செருப்பைக் கையில் எடுத்தாள். குதிகாலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். திரும்பக் காகிதத்துக்குள் வைத்தாள்.

“என்னுது இல்ல சார். தெரிஞ்சவ ஒருத்தி கேட்டா.”

“அப்படி உண்மையைச் சொல்லுங்க. வரி கட்டி எடுத்துக்கறீங்களா?”

வரி கட்டும் அறையில் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டுவார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“வேணாம் சார். இங்கேயே விட்டுடறேன்.”

அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு பொருள். கிடைத்துவிட்டது. மீதித் துணியை அவனே அமுக்கி, அவனே ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தான்.

நினிங் பெட்டியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். காலைத் தேய்க்காமல், ஒவ்வொரு அடியையும் தூக்கி வைத்து நடந்தாள். பெரிய ஷூவில் அப்படி நடக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பேருந்து விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, அட்டையைத் தூக்கிப் போடுன்னு? இப்ப அந்த கஸ்டமருக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன், அண்ணே.”

ஷூவைக் கழற்றினாள். டிஷ்யூவை உருவி எடுத்துப் பைக்குள் போட்டாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்க்காமல், ஈரத் துணியால் ஷூவின் அடியைத் துடைக்க ஆரம்பித்தாள். டாக்டருக்குப் புதிதாகத் தெரிய வேண்டும்.

போன் அடித்தது. சொந்த ஊரான காருட்டிலிருந்து அவள் அம்மா. இரண்டு கையும் ஈரம் என்பதால் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“செருப்பு கெடச்சுதாடி? ஞாயித்துக்கிழமை உன் நிக்காஹ்ல அந்தப் பழசோட வந்து நிக்காத. மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க.”

நினிங் துடைப்பதை நிறுத்தவில்லை.

“இல்லம்மா. என் சைஸ் கெடைக்கல.”

சொல்லிவிட்டு அடுத்த ஷூவை எடுத்தாள்.