வாசலை மறித்த பெட்டிகள்

"மூச்சு முட்டுதுலே ஜாபஸ்! வெளிய போக வழி எங்கன இருக்கு?"

தலையில் மாட்டிய விஆர் கேம் கண்ணாடிக்குள் மணிகண்டராஜ் அலறினார். அவரைச் சுற்றி ஒரு பட்டாசு மருந்து அறை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

"வாசலைத் தேடுங்க அண்ணாச்சி."

தான் உருவாக்கிய கேமைக் காட்ட அவர் வீட்டுக்கே வந்திருந்தான் ஜாபஸ். லேப்டாப் தனியாக இழுக்காது என்று, வெளியே ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டியைக் கேபிளில் மாட்டியிருந்தான். அதன் தயவில் நெருப்பு நிஜமாகவே சீறியது.

வாசல் தெரிந்தது. பாய்ந்தார். அங்கே ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் வழியை அடைத்து நின்றன.

"எவன்லே வாசல்ல லோடை அடுக்குனது? நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல எம்புட்டுப் பேருலே! தள்ளுங்கலே!"

கைகள் காற்றைத் துழாவின. பெட்டிகள் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் பெண்கள் கதறினார்கள்.

வெடித்தது!

கண்ணாடியைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சோபாவில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நெஞ்சே நின்னுபோச்சுலே, சண்டாளா! இப்படி ஒரு ரூமை எப்படிலே யோசிச்ச?"

"நான் எங்க யோசிச்சேன் அண்ணாச்சி? வாசல், பெட்டி, ஆளுக எல்லாம் எங்க அக்கா ஜெபராணி சொன்னது."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நாரணாபுரத்துல உங்க பட்டாசுக் கம்பெனியிலதான வேலை பாக்கா. நீங்கதான் டவுன் ஆபீஸை விட்டு அங்கன எட்டிப் பாக்க மாட்டீகளே."

ஜாபஸ் கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"தீபாவளி சீசன்லா... இந்நேரம் அந்த ரூமுக்குள்ளதான் அண்ணாச்சி இருக்கா."