இடது கால் முதலில்

"ஐயா, இடது கால்னு சொன்னா உங்களுக்கு மட்டும் ஏன் வலது கால் வருது?"

மூன்று வாரமாக இதையே கேட்டுக் கேட்டுப் பயிற்சியாளர் பெண்ணுக்கு அலுத்துவிட்டது. பார்க்கின்சன் நோய்க்காரர்களுக்கான தாய்ச்சி என்னும் சீன உடற்பயிற்சி வகுப்பு அது. மருத்துவமனையின் மாடிக் கூடத்தில் பன்னிரண்டு பேர், அவசரமே இல்லாமல் கைகால்களை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையில் நிற்கும் இந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மட்டும் எதிர்ப்பக்கம் போவார். வகுப்பில் அவருக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு அசைவை மறந்ததில்லை. கையில் நடுக்கம்கூடத் தெரியாது. மருந்து நன்றாக வேலை செய்கிறது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்று அது விபரீதத்தில் முடியப் பார்த்தது. எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, இவர் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற அம்மாள்மேல் மோதிவிட்டார். நல்லவேளை, அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்திவைத்தாள்.

"நாளையிலேர்ந்து நாற்காலி வகுப்புக்குப் போயிடுங்க ஐயா. உக்காந்தே செய்யலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. திருத்திக்கொள்கிறேன், ஓரமாக நின்றுகொள்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"நாற்காலி மட்டும் வேண்டாம்மா. நான் நின்னுதான் செய்யணும்."

அவள் மசியவில்லை. நாற்பது வருடம் வண்டி ஓட்டியவருக்கு இடம் வலம் குழம்புகிறதென்றால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று பதிவுச் சீட்டைக் கேட்டாள். வாசலில் முத்திரை குத்துகிறவர்கூட அதை இதுவரை பிரித்துப் படித்ததில்லை.

சீட்டில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. தேதி போன வருடத்தது.

"என் சம்சாரத்தோடது. எனக்கு ஒரு வியாதியும் இல்லம்மா," என்றார். "டாக்டர் எழுதிக் குடுத்தும் நான்தான் அவள இங்க கூட்டிட்டு வரல. வெட்டி வேலைன்னுட்டேன். அவ போன்ல வீடியோ பாத்து வீட்டுலயே தனியா செய்வா. 'விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு, பக்கத்துல வந்து நில்லுங்க'ன்னு தினமும் கூப்பிடுவா."

"நீங்க?"

"எதிர்ல நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாத்துட்டிருந்தேன், அவ கடைசியா விழுந்து எந்திரிக்காமப் போன அன்னிக்கும். அப்படிப் பாத்தே கத்துக்கிட்டதும்மா, அதான் அவளோட இடது கால் எனக்கு வலது காலா வருது."