செல்துண்டு

“அது அவர்தானே, டொக்டர்?”

பிரேத அறை வாசலில் சுகந்தமலர் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அவளுடைய கணவனைக் காணாமல் ஐந்து நாள். தொண்டைமானாற்று நீரேரியில் எடுத்த உடலிலோ முகம் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

“இடுப்பிலை கட்டியிருக்கிற சாரம் அவரின்ரை மாதிரித்தான் கிடக்கு.”

“சாரத்தை வைச்சுச் சொல்லேலாது அம்மா. வெட்டிப் பாக்கிறதுக்கு முதல் முழு உடம்பையும் ஸ்கான் எடுத்திருக்கிறம். அவருக்குப் பழைய காயம் ஏதும் இருந்ததோ?”

“முதுகுக்குள்ளை செல்துண்டு ஒண்டு கிடக்கு. சண்டைக்காலத்திலை செல் விழுந்து வெடிச்சுப் பட்டது. எடுக்கேலாதெண்டு விட்டவை.”

“அப்பிடியெண்டால் ஸ்கானிலை கட்டாயம் தெரியும். இருங்கோ, பாத்திட்டு வாறன். பிள்ளைக்குக் கையிலை என்ன?”

“படியிலை விழுந்தவள்.”

மகள் கம்ஷிகா பிளாஸ்ரர் போட்ட கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். டொக்டர் உள்ளே போனதும் சுகந்தமலர் கண்ணை மூடி நல்லூரானைக் கும்பிட்டாள்.

கால் மணித்தியாலத்தில் டொக்டர் முகம் தெளிந்து வந்தார்.

“செல்துண்டு இல்லை அம்மா. இது உங்கடை மனுசன் இல்லை.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஓம், ரெண்டு தரம் பாத்திட்டன். அவர் எங்கையோ உயிரோடைதான் இருப்பார். பயப்பிடாமல் வீட்டை போங்கோ.”

டொக்டர் போய்விட்டார். கம்ஷிகா தாயின் சேலையைப் பிடித்தாள்.

“அம்மா, அப்ப அப்பா திரும்பி வருவாரோ?”

“கெதியா எழும்பு பிள்ளை. அவர் வாறதுக்கு முதல் போய்க் கதவை உள்ளுக்காலை பூட்டித் திறாங்கு போடவேணும்.”