நட்ட குச்சியின் நிழல்

தெருவே ‘விஞ்ஞானி’ என்று கேலி செய்தாலும் தையற்காரர் தன் ஆராய்ச்சியை விடவில்லை. மொட்டைமாடியில் மண் நிரப்பிய டப்பாவில் ஒரு குச்சியை நட்டு, தினமும் நண்பகலில் அதன் நிழலை இஞ்சு டேப்பால் அளப்பார்.

அன்றும் குனிந்து அளந்தார். “பதினாலரை! நேத்தைவிடக் கால் இஞ்சு கம்மி. சூரியன் கணக்குன்னா கணக்குதான்!” சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

துணி காயப்போட வந்த மனைவி அருகில் வந்து நின்றாள். “எதைங்க அளக்கிறீங்க? தக்காளிச் செடி சாயுதேன்னு அந்தக் குச்சியை மூணு நாளைக்கு முன்னாடியே பிடுங்கிட்டேனே. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். டப்பாவில் வெறும் மண்தான் இருந்தது. நிழல் மட்டும் தரையில் நீண்டு, அவள் பாதத்தின்மேல் கிடந்தது.

அவள் பதறிக் காலை இழுத்தாள். நிழலும் காலோடு வந்தது.