பதினொரு மடிப்பு

வேலையால் வந்து போட்டிருந்த கோட்டுக்கூட நான் கழற்றவில்லை. மேசையில் கிடந்த வெள்ளைக் கொலரில் ஒரு சொட்டு இரத்தம்.

மாதாவே! மூன்று மணிக்கு இதை ஏற்றிப்போக நாடகக் கம்பனி வான் வந்துவிடும். இப்போது இரண்டேகால்.

சும்மா கொலர் இல்லை அது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் படத்துச் சீமாட்டி நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தது. மடிப்பு மடிப்பாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. நாடகக் கம்பனிக்காரருக்கு அச்சொட்டாக அதே போல வேண்டுமாம். மெஷின் படக்கூடாதாம், எல்லாம் கைத்தையலாம்.

கைத்தையல் என் தொழில் இல்லை. பள்ளிக்கூடக் குசினியில் கிழங்கு அவிக்கிறவள் நான். தையல்காரர் என் மனுசன், கிறிஸ்துராஜா.

ஒக்டோபரில் ஸ்ட்ரோக் வந்து அவருடைய இடது கை மரத்துப் போனது. அசையும், ஆனால் சுட்டாலும் தெரியாது. தைக்கும்போது துணிக்குக் கீழே இருக்கும் இடது விரல்தான் ஊசி வந்துவிட்டதென்று சொல்ல வேண்டும். அந்த விரல் இனிச் சொல்லாது என்று தெரிந்த அன்று, ஊசிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு யன்னலடியில் போய் இருந்தவர்தான். ஏழு மாதம். சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

மனுசன் இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவருடைய வேலை கைவிட்டுப் போகக்கூடாதென்றுதான் ஊசியை நான் எடுத்தேன்.

கறையில் துப்பினேன். ஊசி குத்தி வந்த இரத்தத்தைக் குத்துப்பட்டவரின் துப்பல்தான் எடுக்கும் என்பது அவர் சொல்லித்தந்தது. எனக்கு எத்தனையோ தரம் சரிவந்திருக்கிறது. பஞ்சால் ஒற்றினேன். மறுபடியும் துப்பினேன். வாய் காய்ந்ததுதான் மிச்சம்.

இதென்ன கோதாரி!

என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்திலும் ஒரு புதுக் குத்து இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிறகுதான் மடிப்புகளைப் பார்த்தேன். காலையில் நான் வேலைக்குப் போகும்போது பதினொரு மடிப்பு தைக்காமல் கிடந்தது. வந்து அவதி அவதியாக முடிக்கலாம் என்று விட்டுப் போனவை. இப்போது ஒன்றும் மிச்சமில்லை. முதல் மூன்றும் கோணல். நாலாவது பரவாயில்லை. கடைசி ஐந்தும், சத்தியமாக, என் தையலைப் பார்த்துச் சிரித்தன.

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை போர்வைக்குள். களவெடுத்தவரின் முகம்.

கொலரை அவர் வாயடியில் நீட்டினேன்.

"துப்புங்கோ."

துப்பினார். கறை இளகிப் பஞ்சில் ஏறிவிட்டது.

போர்வையை விலக்கி அந்தக் கையைப் பிடித்தேன். சுட்டுவிரல் நுனியில் சிவப்புப் புள்ளிகள், ஏழெட்டு இருக்கும். தெரியாமலே இத்தனை தரம் குத்துப்பட்டிருக்கிறார்.

"ஒண்டும் தெரியேல்லையோ?"

அவர் விரலைப் பார்த்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

"முதல் குத்தினது ஒண்டும் தெரியேல்லை. கடைசிக் குத்து நல்லா நொந்ததப்பா."